ஏகாம்பரம் போய்ச் சேர்ந்த கதை

"டீச்சர், நான் செத்துட்டேனாமே?"

மூன்றாம் வகுப்புக்கு வாய்ப்பாடு நடந்துகொண்டிருந்தது. ஏழெட்டு ஐம்பத்தாறு என்கிற இடத்தில் இந்தக் குரல் வந்தது. வாசலில் ஒருவர் நின்றிருந்தார். சாம்பல் நிறக் கம்பெனிச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, கையில் டிபன் பை. ஷிப்ட் முடிந்து நேராக வந்திருக்கிறார். அவரோடு மெஷின் எண்ணெய் வாசனையும் வகுப்புக்குள் வந்தது.

"நீங்க யாருங்க?"

"ஏகாம்பரம். பஞ்சாயத்து ஆபீஸ் செவுத்துல ஒட்டிக்கீறாங்க டீச்சர். பேரு ஏகாம்பரம், காரணம் இறப்பு. வெசாரிச்சா, எழுதினது நீங்கதான்னு சொல்றாங்க."

வகுப்பு மொத்தமும் வாய்ப்பாட்டை மறந்து அவரைப் பார்த்தது. முன்வரிசையில் இருந்த ஒருத்தி மெதுவாகப் பின்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். அவர் அதைக் கவனித்துவிட்டு, "பயப்படாத கண்ணு, கால் கீது பாரு" என்று செருப்பைக் கழற்றிக் காட்டினார்.

நானும்தான் எட்டிப் பார்த்தேன்.

பேனாவும் பட்டியலும்

நான் எப்படி ஒரு மனிதரைச் சாகடித்தேன் என்பதைச் சொல்ல வேண்டும்.

அப்போது எனக்கு, பாடம் நடத்துவதோடு, வாக்குச்சாவடி நிலை அலுவலர் என்று ஒரு வேலையும் கொடுத்திருந்தார்கள். பெயர் பெரியது. வேலை, ஒரு பட்டியலைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போவது. புதிதாக வந்தவர்களைச் சேர்க்க வேண்டும். ஊரை விட்டுப் போனவர்களையும் உலகத்தை விட்டுப் போனவர்களையும் நீக்க வேண்டும்.

பள்ளிக்கூடம் சேரப்பணஞ்சேரியைத் தாண்டி உள்ளே போகிற ஒரு ஊரில். ஊர்ப் பெயர் வேண்டாம். இந்தக் கதையில் ஜெயித்தவரும் தோற்றவரும் இன்னும் அங்கேதான் குடியிருக்கிறார்கள். நான் சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஷேர் ஆட்டோவில் போவேன். ஷேர் ஆட்டோவில் நடு இருக்கை எனக்கு ஆகாது என்று இந்தத் தொடரில் ஏற்கெனவே புலம்பியிருக்கிறேன். பட்டியல் வேலை வந்த பிறகு மடியில் அந்தக் கட்டும் சேர்ந்துகொண்டது. பக்கத்தில் உட்காருகிற கம்பெனிப் பெண்கள் எட்டிப் பார்த்து, "மேடம், எம் பேரு அதுல கீதான்னு பாருங்க" என்பார்கள். அவர்கள் ஓட்டு வேறு தொகுதியில் இருக்கும்.

பட்டியல் எழுதிய காலத்தில் அந்த ஊர் வேறு ஊராக இருந்திருக்க வேண்டும். பட்டியலில் ஒரு கதவு எண் இருக்கும். போய்ப் பார்த்தால் அந்த எண்ணில் பன்னிரண்டு அறைகள் வரிசையாக நிற்கும். ஒவ்வோர் அறையிலும் ஷிப்டுக்கு ஷிப்ட் ஆள் மாறும். ஏ ஷிப்ட் எழுந்துபோன பாயில் சி ஷிப்ட் படுத்திருக்கும். கதவைத் தட்டினால், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "எங்களுக்கு ஓட்டு ஊர்ல கெடக்கு டீச்சர். இங்க சோறு மட்டுந்தான்" என்பார். சொல்லிவிட்டு நின்றபடியே மறுபடி தூங்குவார்.

பட்டியலில் இருப்பவர் வீட்டில் இல்லை. வீட்டில் இருப்பவர் பட்டியலில் இல்லை. இரண்டையும் சேர்த்துவைக்கிற தரகு வேலைதான் என்னுடையது.

"எப்போ?" "போன மாசமே!"

ஏகாம்பரம் வீட்டுக்கு, பள்ளிக்கு முன்பே, விடிந்ததும் நான்கு முறை போனேன். நான்கு முறையும் பூட்டு. ஐந்தாம் முறை பக்கத்து வீட்டு தேவகி அக்காவிடம் கேட்டேன். இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவர் ஒன்றுதான். தேவகி அக்கா ஷிப்டுக்குப் போகிறவர்களுக்கு இட்லிக் கடை நடத்துகிறவர். அப்போது மாவு அரைத்துக்கொண்டிருந்தார். கிரைண்டர் சத்தத்தில் எங்கள் பேச்சு இப்படிப் போனது.

"பக்கத்து வூட்டு ஏகாம்பரமா? அவருதான் போய்ச் சேர்ந்துட்டாரே!"

"ஐயோ! எப்போ?"

"போன மாசமே. திடீர்னுதான். யார்கிட்டயும் சொல்லிக்கக்கூட இல்ல."

"உடம்புக்கு ஏதாவது..."

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல. அவரு மச்சான் முன்னாடியே அங்கதானே கீறாரு. அவருதான் கூப்ட்டுக்கினாரு."

எனக்கு உடம்பு சிலிர்த்தது. "பாவம், அவங்க சம்சாரம்?"

"அதுக்கென்னா, அழுதுகினுதான் கீது. இனிமே பகல்ல பாக்கவே முடியாதுன்னு."

நான் சிலுவைக் குறி போட்டுக்கொண்டேன். அதைப் பார்த்து தேவகி அக்காவும் எதற்கோ என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். பெயர் நீக்குவதற்கான படிவத்தை எடுத்து நானே எழுதினேன். காரணம் என்ற இடத்தில் 'இறப்பு' என்று டிக் செய்தேன். தகவல் தருபவர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினேன். தேவகி அக்கா மாவுக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு, படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்.

ஏகாம்பரம் அப்போது ஒரகடத்தில், மச்சான் வேலை செய்கிற கம்பெனியில், நைட் ஷிப்டில் உயிரோடு நின்றுகொண்டிருந்தார். அவர் மனைவி கஸ்தூரி இன்னொரு கம்பெனி கேன்டீனில் காலை ஷிப்ட்; அவர் திரும்புவதற்குள் இவர் கிளம்பிவிடுவார், அதனால்தான் பூட்டு. ஏகாம்பரம் போய்ச் சேர்ந்தது ஒரகடத்துக் கம்பெனியில்தான். இந்தப் பக்கத்தில் 'சேர்ந்துட்டாரு' என்றால் கம்பெனியில் சேர்ந்துவிட்டார் என்றுதான் அர்த்தம். இருபது வருடம் அங்கே பாடம் நடத்திய எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

உயிர் திரும்ப ஆறாம் எண் படிவம்

வகுப்பு வாசலில் நின்ற ஏகாம்பரத்திடம் அன்று நான் முழு உண்மையைச் சொல்லவில்லை. "ஏதோ தப்பு நடந்துபோச்சுங்க, சரி பண்ணிடலாம்" என்று பொதுவாகச் சொன்னேன். தப்பு தானாகவே நடந்து வந்தது போல.

சரி செய்ய ஒரே வழி, அவர் புது வாக்காளராக விண்ணப்பிப்பது. ஆறாம் எண் படிவம். அதோடு ஆதார் நகல், ரேஷன் கார்டு நகல், கம்பெனிக் கடிதம், கரன்ட் பில். ஒவ்வொரு நகலிலும் கையெழுத்து, கீழே தேதி. மனிதர் மூன்று முறை லீவு போட்டார். மூன்றாவது முறை அவருடைய சூப்பர்வைசர், "இன்னாய்யா, உன் காரியத்துக்கு நீயே லீவு கேக்கற?" என்றாராம்.

விசாரணைக்கு நானும் கூடப் போனேன். அங்கிருந்த அதிகாரி அம்மா நல்லவர். ஆனால் காலையிலிருந்து கோப்புகளைப் பார்த்துக் களைத்திருந்தார். தலை நிமிராமல் படிவத்தைப் பார்த்துக் கேட்டார்.

"எப்போ இறந்தீங்க?"

"தேதி அதுல போட்டுக்கீதா பாருங்க மேடம். எனக்குச் சொல்லல."

அவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மேசைமேல் நெற்றியை வைத்துக்கொண்டு சிரித்தார். பியூன் எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தார். ஏகாம்பரம் சேர்க்கப்பட்டார்.

ஆனால் புது வாக்காளர் புது வாக்காளர்தானே. புதியவர்களுக்கு விழா வைத்து மார்பில் வில்லை குத்திவிடுவார்கள். பதினெட்டு வயதுக் கல்லூரிப் பிள்ளைகளின் வரிசையில், பாதி நரைத்த மீசையோடு ஏகாம்பரமும் நின்றார். 'முதன்முறையாக வாக்களிக்கப் போகும் இளைஞர்களே' என்று மேடையில் பேசியவர் இவரைப் பார்த்துக் கொஞ்சம் தடுமாறினார். கஸ்தூரி போட்டோ எடுத்துக்கொண்டார்.

நடுச்சுவர்

சிரிப்பு அதோடு நின்றுவிட்டது.

நீக்கல் படிவத்தில் தேவகி அக்காவின் கையெழுத்து இருப்பது ஊருக்குத் தெரிந்துபோனது. அவர் வார்டு உறுப்பினர் தேர்தலுக்கு நிற்கப்போகிறார் என்று ஏற்கெனவே பேச்சு இருந்தது. உள்ளாட்சித் தேர்தலும் நெருங்கிக்கொண்டிருந்தது. தனக்கு ஓட்டுப் போடாதவர்களை ஒவ்வொருவராக மேலே அனுப்புகிறார் என்று தெருவில் சொல்ல ஆரம்பித்தார்கள். காலையில் இட்லி வாங்க வருகிறவர்கள் குறைந்தார்கள். கஸ்தூரி நடுச்சுவருக்கு இந்தப் பக்கம் நின்று சுவரைப் பார்த்துப் பேசினார்.

"தாலியறுக்கப் பாத்தியே! உங்கூட்டு ரசத்த எத்தன வாட்டி குட்ச்சிருப்பாரு!"

தேவகி அக்கா பள்ளிக்கு வந்தார். என்னிடம் சண்டை போடவில்லை. "நான் இன்னா எழுதிக் குடுத்தேன் டீச்சர்? எனக்கே தெர்ல" என்று மட்டும் கேட்டார். கண் கலங்கியிருந்தது.

நான் படிவத்தில் இருந்ததைச் சொன்னேன். அப்போதும், அது யாருடைய தப்பு என்று சொல்ல வாய் வரவில்லை. வேலை பற்றிய பயம். விளக்கம் கேட்டு ஓலை வரும்; பணிப் பதிவேட்டில் எழுதுவார்கள்; ஓய்வுக்கு இன்னும் சில வருடங்கள்தான். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பிரார்த்தனை முடிந்து வீட்டுக்குப் போகாமல் ஷேர் ஆட்டோ ஏறிவிட்டேன். அந்தத் தெருவில் தண்ணீர் வரும் நேரம். குடங்களோடு எல்லாரும் இருந்தார்கள். நின்று, கிரைண்டர் சத்தத்தில் நடந்த பேச்சை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். 'மச்சான்தான் கூப்ட்டுக்கினாரு' என்ற இடத்தில் ஒரு பெண் குடத்தைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். 'அழுதுகினுதான் கீது' வந்தபோது கஸ்தூரியே சிரித்துவிட்டார்.

தேவகி அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "நான் கம்பெனில சேர்ந்துட்டாருன்னேன். நீங்க எமலோகத்துல சேத்துட்டீங்களே டீச்சர்!" என்றார்.

திங்கட்கிழமை, தவறு என்னுடையது என்று நானே எழுதிக் கொடுத்தேன். கண்டிப்புக் கடிதம் ஒன்று வந்தது. இன்றும் பீரோவில் இருக்கிறது.

உயிரோடு வருகிறார்

ஆனால் அதற்குள் ஏகாம்பரம் கோபத்தில் வேட்புமனு போட்டுவிட்டார், தேவகி அக்காவுக்கு எதிராக.

"வாபஸ் வாங்கிடுங்களேன்" என்றேன்.

"நோட்டீஸ் அட்ச்சாச்சே டீச்சர்."

காட்டினார். 'உங்கள் ஏகாம்பரம் உயிரோடு வருகிறார்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. சின்னம் கட்டில். தேவகி அக்காவுக்குச் சீப்பு. அவருடைய நோட்டீஸில் ஒரே வாக்குறுதி: 'இனி எதிலும் படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவேன்.' இப்படி நேர்மையான தேர்தல் அறிக்கையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

கிராம உள்ளாட்சித் தேர்தலில் எங்கள் பக்கம் மெஷின் கிடையாது. காகிதச் சீட்டுதான். வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள். நான்கிலும் முத்திரை குத்தி, மடித்து, பெட்டியில் போட வேண்டும்.

பல வருடங்களுக்கு முன் என் முதல் தேர்தல் வேலையில், தண்டலம் பக்கத்துச் சாவடி ஒன்றில், ஒரு பெரியவர் நான்கு சீட்டோடு முத்திரைக் கட்டையையும் பெட்டிக்குள் போட்டுவிட்டார். அரக்கு வைத்த பெட்டியைத் திறக்க முடியாது. மாற்றுக் கட்டையை எடுத்துக் கொடுத்தோம். அன்று முழுதும் பெட்டியைத் தூக்கும்போதெல்லாம் உள்ளே அது கடகடவென்று உருண்டது. 'குத்திட்டா போட்டுடணும்னு நீதானம்மா சொன்ன' என்றார் அவர். சொன்னது உண்மை.

மஞ்சள் மேசையிலிருந்து

வாக்கு எண்ணிக்கை ஒரு கல்லூரிக் கூடத்தில் நடந்தது. எனக்கும் எண்ணும் வேலை. காலையில் போய் மேசையில் உட்கார்ந்து பார்த்தால், எதிரே வேட்பாளராக ஏகாம்பரம், பக்கத்தில் தேவகி அக்கா. எழுந்து தேர்தல் அதிகாரியிடம் போனேன்.

"சார், இந்த மேசை எனக்கு வேணாம். வேட்பாளரைத் தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"ஒரு தடவை சாகடிச்சிருக்கேன் சார்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் அடுத்த மேசைக்கு மாற்றினார். அங்கே மஞ்சள் சீட்டுகள். கை மஞ்சளை எண்ணியது, காது வெள்ளை மேசையில் இருந்தது. ஐம்பது சீட்டுக் கட்டு ஒன்றில் ஐம்பத்திரண்டு வைத்துவிட்டேன். மேற்பார்வையாளர் மறுபடி எண்ணச் சொன்னார்.

கூடம் முழுக்க முத்திரை மையின் வாசனை. மடிப்பைப் பிரிக்கிற சரசரப்பு. ரப்பர் பேண்ட் படீரென்று அறுந்துபோகிற சத்தம். மத்தியானம் எலுமிச்சைச் சாதம் வந்தபோது வெள்ளை மேசையில் எண்ணி முடித்திருந்தார்கள். சீப்பு இரண்டு ஓட்டு முன்னால். ஆனால் சந்தேகச் சீட்டுகள் என்று மூன்று தனியாக இருந்தன. அதிகாரி வந்தார். இருவரும் மேசையை நெருங்கி நின்றார்கள்.

முதல் சீட்டில் கட்டில்மேலும் முத்திரை, சீப்புமேலும் முத்திரை. அதிகாரி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். முத்திரையில் அம்புகள் ஒரே பக்கமாகச் சுழல்கிற மாதிரி இருக்கும். மை காய்வதற்குள் மடித்தால் அதன் நிழல் வேறிடத்தில் ஒட்டும். ஆனால் நிழலில் அம்புகள் எதிர்ப்பக்கம் சுழலும். "சீப்புமேல இருக்கறது மடிச்சதுல ஒட்டினது. கட்டிலுக்குச் செல்லும்" என்றார். வித்தியாசம் ஒன்றாகக் குறைந்தது. நான் மஞ்சளை விட்டுவிட்டுத் திரும்பியே உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டாவதில் முத்திரையே இல்லை. பேனாவால் எழுதியிருந்தது. அதிகாரி படித்தார்: "எங்க தெரு லைட்டை எரிய வைக்கிறவங்களுக்கு என் ஓட்டு." செல்லாது.

மூன்றாவதைப் பிரித்தவர் அதை மேசைமேல் வைத்துக் கையால் நீவினார். கட்டில்மேல் அழகாக, நடுவில், ஒரே முத்திரை. பக்கத்தில் முழுக் கையெழுத்து. கீழே தேதி.

ஏகாம்பரம் வாயைப் பொத்திக்கொண்டார். "ஐயய்யோ..."

"நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க" என்றார் அதிகாரி அவசரமாக. "யார் கையெழுத்துன்னு நான் கேக்கல. யாரும் சொல்லவும் கூடாது."

அந்தச் சீட்டு செல்லும் என்றால் இருவரும் சமம், குலுக்கல்தான். தேவகி அக்காவுக்கும் அது தெரியும். அவர் எட்டிப் பார்த்தார். எழுத்துக் கூட்டிப் படித்தார். பிறகு சத்தமாகச் சொன்னார்: "சார், அது அவரு போட்டதுதான் சார். எனக்குத் தெரியும். செல்லும்னு போடுங்க."

"அவர் போட்டதுன்னு தெரியறதாலதாம்மா செல்லாது!" என்றார் அதிகாரி. ஓட்டு ரகசியம்; போட்டவரைக் காட்டிக்கொடுக்கிற அடையாளம் இருந்தால் தள்ள வேண்டும் என்று விதியை எடுத்துச் சொன்னார்.

"பாவம் சார். எவ்ளோ அலைஞ்சி வாங்கின ஓட்டு."

"விதிம்மா."

தேவகி அக்கா ஒரு ஓட்டில் ஜெயித்தார்.

வெளியே

வேலை முடிந்து நான் வந்தபோது வேப்பமரத்தடியில் ஏகாம்பரம் டீ குடித்துக்கொண்டிருந்தார். போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"எதுக்குங்க கையெழுத்துப் போட்டீங்க?"

"ஆறு மாசமா எந்தப் பேப்பர நீட்னாலும் கையெழுத்துப் போடு, தேதி போடுன்னாங்க டீச்சர். கை பாட்டுக்குப் போயிட்ச்சி." ஒரு வாய் குடித்தார். "வுடுங்க. செல்லாதுன்னாங்க, அவ்ளோதானே."

என் குற்ற உணர்ச்சி குறையவில்லை. அவரை அலையவிட்டது நான். அதைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இன்னொரு டீ சொல்லி என் கையில் கொடுத்தார். சர்க்கரை அதிகம். முழுவதையும் குடித்தேன்.

அப்போது தேவகி அக்கா கழுத்து மாலையோடு வேகமாக வந்தார். வெற்றிச் சான்றிதழ் ஒரு கையில். "ஏகாம்பரம், அந்த லைட்டுச் சீட்டு எழுதினது எந்தத் தெருவு? உனக்கு எழுத்து தெரிஞ்சிதா?"

"எனக்கு எப்டிக்கா தெரியும்?"

"ஆபீசர் சொல்ல மாட்டேங்கறாரு. பெட்டிய மூடி சீல் வெச்சிட்டாங்களாம்." என்னிடம் திரும்பினார். "டீச்சர், உங்களுக்கு?"

எனக்கும் தெரியாது. தெரிந்தாலும் சொல்லக் கூடாது என்றேன்.

அன்று சாயங்காலம் விளக்குப் போடுகிற நேரத்துக்கு, ஜெயித்தவரும் தோற்றவரும் சேர்ந்து வார்டு முழுக்க நடந்து பார்த்திருக்கிறார்கள். மறுநாள் கஸ்தூரி சொன்னார். அதற்கடுத்த சில வாரங்கள் தேவகி அக்கா பஞ்சாயத்து ஆபீசுக்கும் மின்வாரிய ஆபீசுக்கும் நடந்த நடையை ஊரே பார்த்தது. ஏகாம்பரம் ஷிப்ட் இல்லாத நாட்களில் மனு எழுதிக் கொடுத்தார்.

ஒரு மாதம் கழித்து இட்லிக் கடையில் தேவகி அக்காவைப் பார்த்தபோது, லைட் வந்துவிட்டதா என்று விசாரித்தேன்.

"வந்திச்சி டீச்சர்" என்றார், சட்னியை ஊற்றிக்கொண்டே. "மூணு தெருவுல எரியாம கெடந்திச்சி. அந்த ஓட்டு எந்தத் தெருவு ஓட்டுன்னு தெரியாததால மூணுலயும் போட வேண்டியதாப் போச்சு."